எழுபது வளைவு ஏறி வரும் டிவி

காரவள்ளியோடு சமவெளி முடிந்துவிடுகிறது. சோதனைச் சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முதல் கொண்டை ஊசி வளைவு. ஓரத்தில் 1/70 என்று பலகை நிற்கும். 70/70 பலகை கண்ணில் படும்போது வண்டி கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும். உள்ளே ஒருவராவது எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு அரிசி மூட்டையும் சிமெண்டும் கேஸ் சிலிண்டரும் இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. முள்ளுக்குறிச்சிப் பக்கமிருந்து இன்னொரு சாலை உண்டு என்றாலும் ஊருக்குத் தெரிந்த வழி இதுதான். மேலிருந்து மிளகும் காபியும் அன்னாசியும் பலாவும் மரவள்ளிக் கிழங்கும் இறங்குகின்றன. இந்தப் போக்குவரத்தில் புதிதாகச் சேர்ந்துகொண்டது ஒரு நீளமான, தட்டையான அட்டைப்பெட்டி. மேலே குடைப் படம், கண்ணாடிக் கோப்பைப் படம், வானத்தைப் பார்த்த இரண்டு அம்புக்குறி. ஆன்லைனில் வாங்கிய டிவி.

செல்போனில் ஆர்டர் போட ஐந்து நிமிடம் போதும். அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்து, பிரிக்கப்பட்டு, திரை எரிகிற வரைக்கும் அது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கும். சமவெளியில் இதைப் பற்றி யாரும் பெரிதாக யோசிப்பதில்லை. காலையில் கிடங்கிலிருந்து கிளம்பினால் மாலையில் வாசலுக்கு வந்துவிடும். மலையில் இருப்பவர்கள் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

நாட்டுக்கு இடமில்லாத படிவம்

முதல் சிக்கல் முகவரியிலேயே தொடங்குகிறது. கொல்லிமலையில் 14 ஊராட்சிகள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று எல்லாவற்றுக்கும் 'நாடு' என்றே பெயர். இங்கே பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். ஒரு நாட்டுக்குள் பல சிற்றூர்கள், ஒரு சிற்றூரில் பத்து இருபது வீடுகள், அந்த வீடுகளும் பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். ஷாப்பிங் ஆப்பின் படிவமோ கதவு எண் கேட்கிறது, தெருப் பெயர் கேட்கிறது, 'அருகிலுள்ள அடையாளம்' கேட்கிறது. நாடு எது என்று மட்டும் கேட்பதில்லை. கதவு எண் கட்டத்தில் தகப்பனார் பெயரையும் தெருக் கட்டத்தில் ஊர்ப் பெயரையும் அடையாளக் கட்டத்தில் மாரியம்மன் கோயிலையும் போட்டு ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

ஆப்புக்கு உண்மையில் வேண்டியது ஒன்றே ஒன்று. 637411 என்ற ஆறு இலக்கம். 1972 ஆகஸ்ட் 15 அன்று தபால் துறை பின்கோடு முறையைக் கொண்டுவந்தபோது நோக்கம் எளிமையானது: ஒரே பெயரில் பல ஊர் இருக்கிறது, ஆளுக்கொரு மொழியில் முகவரி எழுதுகிறார்கள், கடிதம் வழிதவறக் கூடாது. 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். அடுத்த இலக்கங்கள் வட்டாரத்தைச் சுட்டும், கடைசி மூன்றும் தபால் நிலையத்தைக் காட்டும். கடிதத்துக்காகப் போட்ட அந்த எண்தான் இன்றைக்கு ஒரு வீட்டுக்கு டிவி வருமா வராதா என்று தீர்ப்புச் சொல்கிறது.

அந்தத் தீர்ப்பு விநோதமாகவும் இருக்கும். அதே பின்கோடுக்கு செல்போன் சார்ஜர் வரும், செருப்பு வரும், டிவி மட்டும் 'இந்த இடத்துக்கு டெலிவரி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டும். காரணம், சின்னப் பார்சலுக்கும் பெரிய சாமானுக்கும் நிறுவனங்கள் தனித்தனி ஆட்களும் வண்டிகளும் வைத்திருக்கின்றன. சின்னப் பார்சல் ஒரு பைக் பையில் அடங்கிவிடும். டிவிக்கு நாலு சக்கர வண்டி வேண்டும், தூக்க இரண்டு ஆள் வேண்டும். பக்கத்து ஊர்ப் பார்சல்கள் சேரும் வரை காத்திருந்து வண்டியை அனுப்பினால்தான் டீசல் காசு தேறும்.

தபால் துறை 2025 மே மாதம் டிஜிபின் என்ற புது முறையை அறிமுகப்படுத்தியது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் பத்து எழுத்து கொண்ட அடையாளம் கொடுத்திருக்கிறார்கள். கதவு எண் இல்லாத மலை வீட்டுக்கும் இதில் ஒரு முகவரி கிடைத்துவிடும். வீடு எங்கே என்று காட்ட இது போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவதற்கு ஆள் வேண்டும்.

வி.பி.பி.யின் பேரன்

வீட்டிலிருந்தபடி வாங்குவதும் பொருள் கைக்கு வந்தபின் பணம் கொடுப்பதும் இந்தக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியத் தபால் துறை 1877இலேயே வி.பி.பி. எனும் 'வேல்யூ பேயபிள் போஸ்ட்' முறையைத் தொடங்கிவிட்டது. பத்திரிகையில் விளம்பரம் பார்த்து ஒரு போஸ்ட் கார்டு போட்டால், கைக்கடிகாரமோ சித்த மருந்தோ புத்தகமோ தபால்காரர் கையில் வந்து சேரும். ரூபாயை எண்ணிக் கொடுத்தபின் பார்சலை வாங்கிக்கொள்ளலாம். வாங்கியவர் பணத்தைத் தபால் துறை விற்றவருக்கு அனுப்பிவைக்கும். முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு நடுவே தபால்காரர் ஜாமீன் நின்றார் என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் வீட்டிலிருந்தபடி வாங்க, சரக்குகளின் அட்டவணைப் புத்தகங்கள் உதவின. அந்த நாட்டுத் தபால் துறை 1913 ஜனவரி 1 அன்று பார்சல் சேவையைத் தொடங்கியபிறகு பண்ணை வீடுகளுக்கும் நகரத்துக் கடைச் சரக்கு போகத் தொடங்கியது.

2007இல் பெங்களூருவில் புத்தகம் விற்கத் தொடங்கிய ஃபிளிப்கார்ட், 2010இல் 'கேஷ் ஆன் டெலிவரி' கொண்டுவந்தபோது செய்தது வி.பி.பி.யைத் தூசி தட்டி எடுத்த காரியம்தான். கார்டு இல்லாதவரும், இருந்தும் அதன் எண்ணை இன்டர்நெட்டில் போட அஞ்சியவரும் அதன் பிறகே துணிந்தார்கள். 2013 ஜூனில் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. ஆனாலும் டிவி விஷயத்தில் மக்கள் தயங்கினார்கள். கடையில் நாலு டிவியை வரிசையாக ஓடவிட்டுப் பார்த்து, கடைக்காரரிடம் பேரம் பேசி, "ஏதாச்சும்னா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு வருகிற பழக்கம் அவ்வளவு எளிதில் போகவில்லை.

விலைதான் அதை உடைத்தது. 2018 பிப்ரவரி 14 அன்று ஷாவ்மி தன் 55 இன்ச் டிவியை இந்தியாவில் 39,999 ரூபாய்க்கு அறிவித்தது. அடுத்த மாதமே 32 இன்ச் 13,999 ரூபாய், 43 இன்ச் 22,999 ரூபாய். முதலில் இணையத்தில்தான் முக்கியமாக விற்றார்கள். குறித்த நேரத்தில் விற்பனை திறக்கும், கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். கடை வாடகையும் இடைத்தரகும் மிச்சம் என்பதால் விலையைக் குறைக்க முடிந்தது. மற்ற பிராண்டுகளும் வேறு வழியின்றி இறங்கி வந்தன.

வரியும் தன் பங்குக்கு ஏறி இறங்கியது. 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரையிலான டிவிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேல் 28 சதவீதம். பல வீடுகள் 32 இன்ச்சோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவு டிவிக்கும் 18 சதவீதம்தான். பெரிய டிவி ஒன்றின் வரிக்கு முந்தைய விலை 25,000 ரூபாய் என்றால் முன்பு பில் 32,000 ஆகும், இப்போது 29,500.

கலைஞர் டிவியிலிருந்து 43 இன்ச் வரை

தமிழ்நாட்டுக் கிராமங்களில் பழைய டிவியை 'கலைஞர் டிவி' என்று சொல்வார்கள். கலைஞர் தொலைக்காட்சி சேனலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 14 இன்ச் வண்ணப் பெட்டி. 2006 சட்டமன்றத் தேர்தல் வாக்குறுதியாக வந்து, அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் வழங்கத் தொடங்கிய இலவச டிவி. தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மொத்தமாகக் கொள்முதல் செய்த அந்தப் பெட்டி ஐந்தாண்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனது. இலவசங்கள் சரியா தவறா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2013 ஜூலையில் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுக்குள் நுழைந்த முதல் திரை அது. அந்த டிவிக்கு யாரும் டெலிவரி முகவரி கேட்கவில்லை. ரேஷன் அட்டை போதுமானதாக இருந்தது.

பெட்டி வந்தபின் படம் வர வேண்டுமே. 2007இல் உருவாகி, 2011 செப்டம்பரில் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்பு கொடுத்தது. 2017 செப்டம்பரில் இலவச செட்டாப் பாக்ஸும் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் குன்றுக்குக் குன்று ஒயர் இழுப்பது கட்டுப்படியாகாத இடங்களில் டிஷ்தான் துணை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் 2004 டிசம்பரிலும் சன் டைரக்ட் 2007 டிசம்பரிலும் வந்தன. நாட்டு ஓட்டுக் கூரையோரம் ஒரு கம்பத்தில் கிண்ணத்தைக் கட்டி, தென்கிழக்கு வானத்தைப் பார்த்துத் திருப்பிவைத்தால் போதும்.

அந்த 14 இன்ச் பெட்டியின் பக்கத்தில் இன்றைய 43 இன்ச் டிவியை வைத்துப் பார்த்தால் திரைப் பரப்பு எட்டு மடங்குக்கும் மேல். எடை அதிகமாக இருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படியில்லை. பழைய படக்குழாய் டிவி பத்து கிலோவை ஒட்டி இருக்கும். புதிய 43 இன்ச் பெரும்பாலும் ஏழெட்டுக் கிலோவிலேயே முடிந்துவிடுகிறது. பழையதைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் வரப்பில் நடந்துவிடலாம். புதியதை அப்படிக் கொண்டுபோக முடியாது.

அரை மில்லிமீட்டர் கண்ணாடி

ஏன் முடியாது என்பதற்கு அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். எல்.இ.டி. டிவியின் திரை என்பது இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள், நடுவே திரவப் படிகம். ஒவ்வொரு தகடும் அரை மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன்தான். நிமிர்த்தி வைத்தால் எடை விளிம்புகளில் இறங்குகிறது. சுற்றிலும் இருக்கும் தெர்மாகோல் அந்த விளிம்புகளைத் தாங்குமாறு வடிவமைத்திருக்கிறார்கள். படுக்கப் போட்டால் நடுப்பகுதிக்குக் கீழே தாங்க ஒன்றும் இல்லை. வண்டி ஒவ்வொரு குழியில் விழும்போதும் கண்ணாடி ஒரு நூலளவு தொய்ந்து எழும். வளைவில் பக்கவாட்டில் ஒரு இழுப்பு. மேலே யாராவது வெங்காய மூட்டையைச் சாய்த்துவிட்டால் கதை முடிந்தது. அந்த இரண்டு அம்புக்குறிகளும் சொல்வது இதைத்தான்: என்னை நிமிர்த்தியே வை.

கண்ணாடி விரிசலில் இன்னொரு வம்பு இருக்கிறது. வெளிக் கண்ணாடி உடைந்தால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே விரிசல் விட்டிருந்தால், அணைந்திருக்கும் கறுப்புத் திரை பளபளவென்று புதுசாகத்தான் இருக்கும். கரண்ட் கொடுத்த பிறகுதான் மை கொட்டியதுபோல் ஒரு கறையும் கோடுகளும் தெரியும். டார்ச் வெளிச்சத்தைத் திரையின் மேல் சாய்வாக அடித்துப் பார்த்தால் சில விரிசல்கள் முன்கூட்டியே பிடிபடும்.

கூரியர் கணக்கும் பெரிய திரைக்குப் பாதகமானது. சரக்குக் கட்டணத்தை நிஜ எடையை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து ஒரு 'கன அளவு எடை' கண்டுபிடிப்பார்கள். நிஜ எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 55 இன்ச் டிவியின் பெட்டி 137 செ.மீ. நீளம், 85 செ.மீ. உயரம், 16 செ.மீ. தடிமன் என்று வைத்துக்கொண்டால் கணக்கு 37 கிலோவைத் தாண்டுகிறது. தூக்கிப் பார்த்தால் அதில் பாதிகூட இருக்காது. வண்டிக்குள் அது அடைக்கிற இடத்துக்கான வாடகை அது. அந்த இடத்தில் ஐம்பது சின்னப் பார்சல்களை அடுக்கியிருக்கலாம். எழுபது வளைவு ஏறும் வண்டியில் ஒரு டிவி அடைத்துக்கொள்ளும் இடம் அவ்வளவு விலையுயர்ந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. லாரி பாடி கட்டுவதில் நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஊர் நாமக்கல். கேஸ் டேங்கர் லாரிகளும் முட்டை வண்டிகளும் இங்கிருந்துதான் மாநிலம் மாநிலமாகப் போகின்றன. ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலையிலோ திருப்பதியில் ஒப்பந்த உற்பத்தி ஆலையிலோ செய்த டிவி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி நாமக்கல் வந்து சேர ஓர் இரவு போதும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற மலைக்கு ஏறத்தான் நாலு நாள் ஆகிறது.

காரவள்ளியிலிருந்து ஒரு போன்

வாழவந்தி நாட்டில் ஒரு குடும்பம் தீபாவளித் தள்ளுபடியில் டிவி ஆர்டர் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப்பில் 'இன்று டெலிவரி' என்று வந்துவிட்டது. மதியம் ஒரு புது நம்பரிலிருந்து போன்.

"அண்ணா, டிவி பார்சல்ங்க. நீங்க கொல்லிமலை மேலைங்களா? செக்போஸ்ட் வரைக்கும் வந்து எடுத்துக்கறீங்களா?"

"மேல கொண்டாந்து குடுக்கறதாத்தானுங்க போட்டிருந்துச்சு."

"வண்டியில உங்க ஒரு பார்சல்தானுங்கண்ணா இருக்கு. இல்லீன்னா நாளான்னிக்கு வேற லோடு சேந்தா வர்றோம்."

இந்த இடத்தில் பலர் கீழே இறங்கிப் போய் வாங்கிவந்துவிடுகிறார்கள். அந்தப் பையன் மேல் கோபப்படவும் மனம் வராது. அவனுக்குப் பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி, மலை ஏறினால் அரை நாள் போச்சு. ஆனால் செல்போனுக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை செக்போஸ்ட்டில் சொன்ன அந்த நொடியில் கணினியில் 'டெலிவரி முடிந்தது' என்று பதிவாகிவிடுகிறது. அதன்பிறகு எழுபது வளைவில் கண்ணாடிக்கு என்ன ஆனாலும் அது வாங்கியவர் வண்டியில் ஆனதுதான். பஸ்ஸில் ஏற்றி, லக்கேஜ் போட்டு, கடைசி சீட்டோரம் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு நின்றாலும் சரி, தெரிந்தவர் பிக்அப் வண்டியில் போட்டாலும் சரி.

வீட்டு முகவரிக்கு என்று ஒத்துக்கொண்டு காசு வாங்கியபின் வீட்டுக்குக் கொண்டுவருவது விற்றவர் கடமை. வர முடியாது என்றால் அதை போனில் சொல்லிவிட்டு விட முடியாது. ஆப்பின் உதவிப் பகுதியில் புகார் போட்டு எண் வாங்கிக்கொள்வது நல்லது. மலை வரை வண்டி வராது என்று முன்பே தெரிந்தவர்கள் கீழே சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ சொந்தக்காரர் வீட்டு முகவரி கொடுப்பார்கள். அது நடைமுறைக்கு எளிது. ஆனால் டெக்னீஷியன் பில்லில் உள்ள முகவரிக்குத்தான் கிளம்புவார் என்பதை நினைவில் வைத்து, மேலே மாட்ட வருவாரா என்று ஆர்டர் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஓ.டி.பி.யில் இன்னொரு சங்கடம். பள்ளத்தாக்கை ஒட்டிய சில ஊர்களில் டவர் எடுக்காது. மேட்டில் ஏறி நின்றால்தான் ஒரு புள்ளி தெரியும். டெலிவரிக்காரர் வாசலில் நிற்க, வீட்டுக்காரர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தோட்டத்து மேட்டுக்கு ஓடுகிற காட்சி எந்த விளம்பரத்திலும் வருவதில்லை.

அடுத்த கட்டம் பெட்டியைப் பிரிப்பது. 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' என்று இருந்தால், கொண்டுவந்தவர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறந்து, உடைசல் இல்லை என்று பார்த்தபின் ஓ.டி.பி. கொடுக்கலாம். இல்லையென்றால் பெட்டி மூடியபடி வரும். டெக்னீஷியன் வந்துதான் பிரிக்க வேண்டும் என்று பல பிராண்டுகள் சொல்கின்றன. கீழே என்றால் அவர் மறுநாள் வருவார். மலைக்கு என்றால் இரண்டு மூன்று வேலை சேரட்டும் என்று காத்திருப்பார்.

மாற்றித் தரும் கெடுவோ பெரும்பாலும் ஏழு நாள் அல்லது பத்து நாள்தான். பெட்டி கைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணத் தொடங்கிவிடுவார்கள். டெக்னீஷியன் வந்த தேதி கணக்கில் வராது. எட்டாம் நாள் ஆள் வந்து, சுவிட்சைப் போட்டு, திரையில் கோடு தெரிந்தால், கெடு முடிந்துவிட்டது என்று விற்றவரும், உடைசலுக்கு வாரண்டி கிடையாது என்று கம்பெனியும் கைவிரிக்க இடமாகிவிடும். ஆகவே பெட்டி வந்த அன்றே ஆறு பக்கமும் போட்டோ, டெக்னீஷியனைக் கேட்டுப் பதிவு செய்ததற்கான மெசேஜ், அவர் பிரிக்கும்போது லேபிளிலிருந்து திரை எரிகிற வரை வெட்டாமல் எடுத்த ஒரே வீடியோ. இவை மூன்றும் போனில் இருந்தால் வாதாட ஆதாரம் உண்டு.

நாமக்கல்லிலேயே வழக்கு

விற்றது யார் என்பதில் மக்கள் அடிக்கடி ஏமாந்துபோகிறார்கள். ஆப்பின் பெயர் பெரிதாகத் தெரிகிறது. பில்லில் வேறு ஏதோ ஊரில் இருக்கும் ஒரு வியாபாரியின் பெயர் இருக்கிறது. சந்தைக்கு இடம் கொடுத்தவர் ஒருவர், சரக்கு விற்றவர் வேறொருவர். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து இணைய வணிகத்துக்கென்றே தனி விதிகளை அறிவித்தார்கள். அந்த விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் செய்தது என்ற விவரங்களை ஆப் காட்ட வேண்டும். குறைதீர்க்கும் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பழுதான பொருளையும், சொன்ன தேதிக்குள் வராமல் தாமதமாக வந்த பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்க முடியாது.

மலைக்காரருக்கு இதில் மிகவும் பயன்படும் வரி வேறொன்று. பழைய சட்டத்தில் எதிர்த் தரப்பு எங்கே தொழில் நடத்துகிறதோ, அல்லது சம்பவம் எங்கே நடந்ததோ அங்கே போக வேண்டும் என்ற நிலை. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் பதிவு அலுவலகம் பெங்களூருவில் இருக்கட்டும், வியாபாரி டெல்லியில் இருக்கட்டும். பதில் சொல்ல நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு முன்படியாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, தமிழிலும் பேசலாம். பல சிக்கல்கள் அந்த ஒரு போனிலேயே முடிந்துவிடுவதும் உண்டு.

மலைக்கு எந்த டிவி?

ஆன்லைனில் டிவி வாங்குபவர்கள் இன்ச்சையும் விலையையும் பார்க்கிறார்கள். மலையில் வசிப்பவர் டிவியின் பின்பக்கப் படத்தையும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வீட்டில் இருப்பது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் செருகும் பழைய செட்டாப் பாக்ஸ் என்றால், புது டிவியில் அதற்குத் துளை இருக்கிறதா என்பது முக்கியம். சில மாடல்களில் அந்த மூன்றும் ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளையாகச் சுருங்கிவிட்டன. அதற்குத் தனியாக ஒரு சிறு ஒயர் வேண்டும். அது பெட்டியில் வரலாம், வராமலும் போகலாம். அந்த ஐம்பது நூறு ரூபாய் ஒயருக்காக மறுபடி எழுபது வளைவு இறங்குவது யாருக்கும் பிடிக்காது.

ஸ்மார்ட் டிவி என்ற பெயரின் பாதி மதிப்பு இன்டர்நெட்டில் இருக்கிறது. டேட்டா சரியாகக் கிடைக்காத ஊரில் யூடியூப் சுற்றிக்கொண்டே நிற்கும்; அப்போது அது வெறும் பெரிய திரைதான். டிஷ்ஷை நம்பி இருப்பவர்கள் மரத்தையும் கவனிக்க வேண்டும். கொல்லிமலையில் மிளகுக் கொடி ஏறுவதற்கு சில்வர் ஓக் வைப்பது வழக்கம். டிஷ் வைத்த ஆண்டில் தோள் உயரம் இருந்த மரம் ஐந்தாறு வருடத்தில் வானத்தை மறைத்துவிடும். டிவியில் கோளாறு என்று கம்பெனிக்குப் புகார் போட்ட பிறகு, குற்றவாளி தோட்டத்தில் நிற்பது தெரியவரும்.

சுவரில் மாட்டுவதா, மேசையில் வைப்பதா என்பதையும் வீடுதான் முடிவு செய்கிறது. மண்சுவரில் ஆணி பிடிக்காது. கனமான போல்ட்டைத் திருகினால் சுவரும் சேர்ந்து உதிரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு அடிக்கால் உள்ள டிவிதான் சரி. வோல்டேஜ் ஏறி இறங்குவது பற்றி முன்னளவு பயப்பட வேண்டியதில்லை. இன்றைய டிவிகள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. இடி மின்னல் வேறு விஷயம். மழை மேகம் கூடியதும் பவர் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் டிஷ் ஒயரைக் கழற்ற மறந்துவிடுகிறார்கள். மின்னலுக்கு அதுவும் ஒரு வழிதான்.

எந்த டிவியை வாங்கினாலும் வீடு வரை கொண்டுவர ஆள் வேண்டும். அதற்கு ஒரு வழி வேறோர் இடத்தில் தெரிகிறது. காஷ்மீரின் தால் ஏரியில் 2023இல் அமேசான் ஒரு படகு வீட்டையே பார்சல் மையமாக்கியது. உள்ளூர்க்காரர் படகில் போய் மற்ற படகு வீடுகளுக்குப் பொருள் கொடுக்கத் தொடங்கினார். உள்ளூர்க் கடைக்காரர்களைப் பகுதிநேர டெலிவரிக்காரர்களாகச் சேர்க்கும் 2015ஆம் ஆண்டுத் திட்டத்தின் தொடர்ச்சி அது. கொல்லிமலைக்கும் அது பொருந்தும். எந்தப் பள்ளத்துக்கு எந்தப் பக்கம் இறங்க வேண்டும் என்பது மலை மேலுள்ள செம்மேட்டிலோ சோளக்காட்டுச் சந்தையிலோ கடை வைத்திருப்பவருக்குத் தெரிந்த அளவு சேலத்துக் கிடங்கில் இருக்கும் கணினிக்குத் தெரியாது.

டெக்னீஷியன் வந்து, படம் தெரிந்து, பிள்ளைகள் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகு ஒரு பொருள் மிச்சமாகிறது. மூலையில் இருக்கும் கலைஞர் டிவி. ஆப்பில் 'பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குங்கள்' என்ற சலுகை இருந்தாலும் படக்குழாய் டிவியை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. எடுத்துக்கொண்டாலும் அந்தச் சலுகை எல்லாப் பின்கோடுக்கும் கிடைப்பதில்லை. அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. உடைத்துத் தோட்டத்தில் போட்டால் மண்ணுக்குள் இறங்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்கழிவு விதிகள், செய்து விற்ற நிறுவனங்களே பழைய சாதனங்களின் மறுசுழற்சிக்குப் பொறுப்பு என்கின்றன. ஏலம் போட்டு வாங்கி, இலவசமாகக் கொடுத்து, இருபது வருடம் ஓடி முடித்த பெட்டிக்கு அந்தப் பொறுப்பை யார் வீட்டு வாசலில் போய்க் கேட்பது?

இப்போதைக்கு அது பரண் மேல் ஏறிவிடுகிறது. பக்கத்தில் புது டிவி வந்த அட்டைப்பெட்டியும் மடித்துச் செருகப்பட்டிருக்கும், தெர்மாகோலோடு. வாரண்டி முடிகிற வரை அதைத் தூக்கிப் போடக் கூடாது. ரிப்பேர் என்று டிவி மறுபடி எழுபது வளைவு இறங்க நேர்ந்தால், நிமிர்ந்து நின்றபடி போக அந்தப் பெட்டி வேண்டும்.